ரஷ்ய மொழியில் சொன்ன பெயர்

ரொக்ஸ்பரோ,
06.10.2025

அன்புள்ள அருமை அண்ணைக்கு,

அக்னெஸ் எழுதுகிறேன். நான் சுகம். ஜெசிக்காவும் பிள்ளைகளும் சுகம். உங்கள் முழங்கால் இந்தக் குளிருக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டுமென்று மடுமாதாவிடம் கேட்டிருக்கிறேன்.

ஒரே மொன்ட்ரியால் நகரத்தில் இருந்துகொண்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். மூன்று தரம் ரெலிபோன் எடுத்தேன். மூன்று தரமும் உங்கள் குரலைக் கேட்டவுடன் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். கோயிலில் கேட்கலாமென்றால் சுற்றி ஆட்கள். ஒரு கிழமையாக வீட்டில் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறந்துபோகிறேன்.

விஷயம் இதுதான். கிழக்கு ஜேர்மனி என்றொரு நாடு இருந்தபோது அதன் பாதுகாப்புத் துறை எழுதிவைத்த கோப்புகளை, இப்போது இறந்தவர்களின் பிள்ளைகள் கேட்டு வாங்கலாமாம். ஜெசிக்கா தன் தகப்பன் கிறகரியின் பெயரைக் கொடுத்து விண்ணப்பித்திருந்தாள். எனக்குச் சொல்லவில்லை. ஆறு பக்கங்கள் வந்திருக்கின்றன. அவளோடு வேலை செய்யும் ஜேர்மன்காரி ஒருத்தி பிரெஞ்சில் சொல்ல, இவள் எனக்குத் தமிழில் வாசித்தாள்.

1985 ஆடி மாதம், கிழக்கு பேர்லினில் இறங்கிய மொஸ்கோ விமானத்தில் இலங்கையர் ஒன்பது பேர், ஒரு குழந்தை. அது நாங்கள்தான். ரஷ்ய மொழி தெரிந்த பயணி ஒருவர் மூலம் விசாரித்தார்களாம். அந்தப் பயணி, கிறகரி என்பவரே குழுவைக் கூட்டிவந்தவர் என்று அடையாளம் காட்டினாராம். பயணியின் பெயரைக் கறுப்பு மையால் மறைத்திருக்கிறார்கள்.

எங்களில் ரஷ்யன் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், அண்ணை. மொஸ்கோவில் புலமைப்பரிசிலில் ஆறு வருடம் படித்தவர். என்ர மனுசன் தானாக முன்னுக்குப் போய், "நான்தான் கூட்டி வந்தனான், மற்றவையை விடுங்கோ" என்று சொன்னாரென்றல்லவா நீங்கள் அன்றைக்கு எனக்குச் சொன்னீர்கள்? அவர்கள் பிழையாக எழுதியிருக்கலாம். எனக்கு விளங்கும்படி இரண்டு வரி எழுதுங்கள். புஷ்பவதி அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கச்சி அக்னெஸ்

செயின்ட்-மிஷேல்,
19.10.2025

அன்புத் தங்கச்சி அக்னெஸுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் பிந்தியதற்குக் குறை நினைக்காதே. காருக்குக் குளிர்கால ரயர் போட இரண்டு நாள் அலைந்தேன். முழங்கால் அப்படியேதான். புஷ்பவதி உனக்கென்று எலுமிச்சை ஊறுகாய் போத்தலில் போட்டு வைத்திருக்கிறாள். கடிதம் எழுதத் தெரிந்தவளுக்கு வந்து எடுக்கத் தெரியாதோ என்று கேட்கிறாள்.

அந்தக் கோப்பைப் பற்றி நீ இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. அந்தக் காலத்து அதிகாரிகள் மேலிடத்துக்கு எது பிடிக்குமோ அதைத்தான் எழுதுவார்கள். நான் அந்த நாடுகளில் இருந்தவன், எனக்குத் தெரியும்.

எங்களுக்கு ஏன் அந்த வழி திறந்திருந்தது என்று நீ யோசித்ததுண்டா? கிழக்கு ஜேர்மனி எங்கள்மேல் இரங்கியா விட்டது? மேற்குக்குத் தலையிடி கொடுக்க விட்டது. மேற்கு ஏன் தடுக்கவில்லை? பேர்லினின் நடுவே நின்று கடவுச்சீட்டுப் பார்த்தால், அந்த மதிலை நாட்டின் எல்லையென்று ஒத்துக்கொண்டதாகிவிடும். ரஷ்யாவும் அமெரிக்காவும் பிடித்த வீம்பில் நடுவே ஒரு ரயில் பாதை பூட்டாமல் கிடந்தது. அதில் நாங்கள் ஏறினோம். பிறகு இரண்டு ஜேர்மனியும் பேசி, விசா இல்லாத தமிழரை இனி விடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். நாங்கள் இறங்கிய அன்று அது நடைமுறைக்கு வர மூன்று நாள் இருந்தது. அந்த அமளியில் யார் யாரிடம் என்ன கேட்டார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று நாற்பது வருடத்துக்குப் பிறகு எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கிறகரி எங்கள் எல்லோருக்காகவும் நின்றவன். அவனுடைய நினைவுப் பூசையன்று நான் கோயிலில் பேசியதை நீயும் கேட்டாய். அது போதும். ஜெசிக்காவையும் இதைக் கிளற வேண்டாமென்று சொல்லு.

அன்புடன் அண்ணன்,
அருமைநாதன்

ரொக்ஸ்பரோ,
27.10.2025

அருமை அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ரஷ்யா என்ன செய்தது, அமெரிக்கா என்ன செய்தது என்று நான் கேட்கவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விக்குத்தான் உங்கள் கடிதத்தில் பதில் இல்லை.

இது எனக்கு ஏன் தேவை என்று சொல்கிறேன். இதுவரை எவருக்கும் சொன்னதில்லை.

அன்று விமான நிலையத்தில் நான் பால் போத்தல் கழுவப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எட்டு மாதப் பிள்ளை உங்கள் கையில் இருந்தது. அவரைக் காணவில்லை. மேற்குப் பக்கம் போகும் ரயிலில் நான் குழறி அழுதபோது நீங்கள் என் தலையில் கைவைத்து, அவர் எல்லோருக்காகவும் முன்வந்தார் என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. பெண்சாதி பிள்ளையை அந்நிய நாட்டில் விட்டுவிட்டு மற்றவர்களுக்கு நல்லவனாக நிற்க இந்த மனிதனுக்கு எப்படி மனம் வந்தது என்ற கோபம்.

அவரைத் திருப்பி அனுப்பி, கொழும்பில் இறங்கியவுடன் பிடித்து, இரண்டரை வருடம் முகாமில் வைத்திருந்தார்கள். இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு வெளியே விட்டார்கள். நாங்கள் ஜேர்மனியிலிருந்து கனடாவுக்கு வந்த பிறகு, 1991இல் நான் அவரை இங்கே கூப்பிட்டபோது இடது காது கேளாத ஒரு மனிதர் வந்து இறங்கினார். நான் அவரைக் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஒவ்வொரு சண்டையிலும் அந்த விமான நிலையத்தைத்தான் இழுத்தேன். "உமக்குப் பிள்ளையை விட ஊராக்கள் பெரிசு" என்பேன். அவர் ஒரே பதில்தான் சொல்வார்: "நான் ஒண்டும் சொல்லேல்லை, அக்னெஸ். என்னைக் கூப்பிட்டினம், போனன்." செய்ததை ஒத்துக்கொள்ளக்கூட முதுகெலும்பில்லாதவர் என்று நினைத்தேன். முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன். நாலு வருடத்தில் அவர் மொன்ட்ரியால்-நோரில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மறிக்கவில்லை.

இருபத்தைந்து வருடம் அங்கே தனியாக இருந்தார். கொரோனா வந்த வசந்தத்தில் ஆஸ்பத்திரியில் தனியாகச் செத்தார். இப்போது அந்த ஆறு பக்கங்களை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் மேலும் கீழும் நடக்கிறேன். அவர் சொன்னது உண்மையென்றால் நான் யாரோடு சண்டை பிடித்தேன்?

அவர் சொன்னது உண்மையா, அண்ணை? ஆம் அல்லது இல்லை என்று எழுதினாலும் போதும்.

அக்னெஸ்

செயின்ட்-மிஷேல்,
16.11.2025

அக்னெஸ்,

ஓம். அவன் சொன்னது உண்மை.

இந்த மூன்று கிழமையில் எத்தனையோ கடிதம் எழுதிக் கிழித்தேன். காலையில் வீட்டை விட்டு இறங்கினால் கால் வலிக்க வலிக்க நடந்துகொண்டே இருக்கிறேன். புஷ்பவதிக்கு நேற்றுத்தான் சொன்னேன். அவள் எழும்பி அறைக்குள் போய்விட்டாள்.

எங்களை விசாரித்த அந்த அதிகாரி என்னிலும் இளையவன். பள்ளிக்கூடத்தில் படித்த ரஷ்யன் பேசினான். எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் நான் ஒருவன்தான் வாய். அவன் மரியாதையாகவே சொன்னான்: "திங்கட்கிழமையிலிருந்து உங்களில் ஒருவரையும் நான் விட முடியாது. இன்றைக்கு விடலாம். ஆனால் இவர்களைத் திரட்டிக் கொண்டுவந்தவர் யாரென்று நான் எழுதியாக வேண்டும். அவர் திரும்பிப் போவார்." சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தான்.

திரட்டியவன் நான். அது உனக்கும் தெரியும். ரிக்கற் ஒன்பதும் என் தோளில் தொங்கிய பையில் இருந்தன. மொஸ்கோவில் கூடப் படித்தவனைப் பிடித்து இடம் எடுத்ததும், அங்கே இரண்டு நாள் தங்க வைத்ததும் நான்தான். "நான்" என்று சொல்ல ரஷ்ய மொழியில் ஒரே ஒரு எழுத்துப் போதும். அந்த ஒரு எழுத்து என் வாயில் வரவில்லை. வேறு பெயர் சொன்னேன்.

ஏன் கிறகரி என்று கேட்பாய். நானும் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நேரம் மற்றவர்களின் பெயர் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, அக்னெஸ். சின்ன வயதிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு என் நாக்கில் கிடந்த பெயர் அவனுடையது ஒன்றுதான்.

அவன் ஜெசிக்காவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றான். விளங்காத பேச்சுக்கு நடுவே தன் பெயர் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தான். தன்னைத்தான் முதலில் முத்திரை குத்தக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். முகத்தில் ஒரு சிரிப்பு. பிள்ளையை என்னிடம் நீட்டினான். "பிடி மச்சான், வாறன்" என்றான். நான் வாங்கினேன். அதற்கிடையில் அவனை மறித்திருக்கலாம். அந்த அதிகாரியிடம், பிழை, அவனில்லை, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். கதவு சாத்துமட்டும் நேரம் இருந்தது.

ரயிலில் நீ அழுத அழுகைக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. அவனை நல்லவனாக்கிச் சொன்னால் உனக்கு ஆறுதல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பொய் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நிற்கும் என்று நினைக்கவில்லை. நின்ற பிறகு, அதைக் கண்ணால் கண்ட பிறகும், நான் வாய் திறக்கவில்லை. முந்தினதை விட அதுதான் பெரிய பாவம்.

அவன் இங்கே வந்த வருடம் ஒரு நாள் என்னிடம் கேட்டான்: "அண்டைக்கு என்ர பேரை ஏனடா சொன்னனீ?" எங்கள் பெயர்ப் பட்டியலை வாசித்தேன், அதில் உன் பெயரும் வந்தது என்று பொய் சொன்னேன். சரியென்று தலையாட்டினான். நம்பினானோ தெரியாது. பிறகு கேட்கவில்லை.

ஜெசிக்காவுக்கு நீ சொல்லாதே. நான் வந்து சொல்கிறேன். வரலாமா என்று கேட்டு எழுதவில்லை, வருகிறேன்.

அருமைநாதன்

ரொக்ஸ்பரோ,
14.12.2025

அருமை அண்ணைக்கு,

இரண்டு கிழமைக்கு முந்திச் சனிக்கிழமை நீங்கள் வந்து போன பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் மேல்கோட்டைக் கழற்றாமல் நின்றபடியே எல்லாம் சொல்லி முடித்தபோது ஜெசிக்கா அழவும் இல்லை, உங்களை ஏசவும் இல்லை. எனக்கே அது பயமாக இருந்தது. சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள் என்று மட்டும் கேட்டாள். நீங்கள் குந்தியிருந்து எழுதினீர்கள். நான் ஒரு மிடறு தண்ணீர்கூடத் தராததை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

அவள் ஏன் கேட்டாளென்று நீங்கள் போன பிறகுதான் சொன்னாள். அந்தக் கோப்பில் அவளுடைய தகப்பன் ஆள் கடத்தியவர் என்று இருக்கிறது. யாராவது படிக்கும் பிள்ளை நாளைக்கு அதை எடுத்துப் புத்தகம் எழுதினால் அவர் அப்படியே இருந்துவிடுவார். "அப்பான்ர பேர் அதிலை அப்படிக் கிடக்கக் கூடாது, அம்மா" என்றாள். உங்கள் எழுத்தைப் பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் மாற்றி, அந்த ஆறு பக்கத்தோடு சேர்த்து வைக்கச் சொல்லிப் பேர்லினுக்கு அனுப்பிவிட்டாள். வைப்பார்களோ தெரியாது. அனுப்பியாகிவிட்டது.

உங்களை மன்னித்தேனா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காதது நல்லது. நீங்கள் வந்து சொன்னீர்கள். அதற்கு ஒரு மனவலிமை வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இனி எனக்கு எழுத வேண்டாம், ரெலிபோனும் வேண்டாம். புஷ்பவதி அக்கா விரும்பினால் வரட்டும், அவவோடு எனக்கு ஒன்றும் இல்லை. நாற்பது வருடம் என்னை நீங்கள் சொந்தத் தங்கச்சியைப் போலப் பார்த்தீர்கள். அதில் எது அன்பு, எது பயம் என்று பிரித்துப் பார்க்க இனி எனக்கு ஆயுள் இல்லை.

உங்களோடு எனக்குள்ள கணக்கை விட அவரோடு உள்ளது பெரிது. நான் அவரை நம்பவில்லை. அவர் ஒரு தரம் இல்லை, நாலு வருடம் சொன்னார். நம்பாமல் விட்டது உங்கள் பொய்யால் மட்டும் இல்லை. கோபமாக இருப்பது எனக்குச் சுகமாக இருந்தது.

நேற்று பஸ் எடுத்து மொன்ட்ரியால்-நோருக்குப் போனேன். அவர் இருந்த வீட்டை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஜெசிக்காவிடம் விலாசம் வாங்கினேன். மூன்றாம் மாடி, வெளியே இரும்புப் படி, முழுக்கப் பனி. பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கும்போது மேலே ஒரு ஹெயிட்டிப் பெண் கதவைத் திறந்தாள். இடுப்பில் பிள்ளை. யாரைத் தேடுகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள். என் பிரெஞ்சு உங்களுக்குத் தெரியும். என்ன சொல்வதென்று யோசிக்கவில்லை. "மொன் மரி" என்று வாயில் வந்துவிட்டது. என் புருஷன் என்று. முப்பது வருடமாக எவரிடமும் நான் அவரை அப்படிச் சொன்னதில்லை.

அவள் என்ன விளங்கிக்கொண்டாளோ தெரியாது. பிள்ளையை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு இறங்கி வந்து, என் முழங்கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனாள்.

அக்னெஸ்