என் வான்கோழி உங்களுக்குப் பதில் சொன்னது

அக்கா,

இன்று காலை வெங்காயத்தாள் நறுக்கினேன். பொரித்து நாலு நாளான வான்கோழிக் குஞ்சுகளுக்கு. எப்போதும் உங்கள் கையில் இருந்த அந்த வாசனை என் கையில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. செத்துப்போனவர் மேல் எரிச்சல்படலாமா என்று கேட்காதீர்கள். எனக்கு வருகிறது.

கடலூரில் நாம் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் இடுப்பளவு மதில். 2007-இல் ஒரே கூடையிலிருந்து ஆளுக்குப் பத்துக் குஞ்சு வாங்கினோம். இதுகளுக்குத் தின்னத் தெரியாது, ரெண்டு நாட்டுக்கோழிக் குஞ்சை உள்ளே விட்டால் அதைப் பார்த்துக் கொத்தக் கற்றுக்கொள்ளும் என்றீர்கள். என்னைக் கேலி செய்கிறீர்கள் என்று நினைத்தேன். அப்படி விடவில்லை. தட்டு நிறையத் தீவனம் இருக்க, என் குஞ்சுகள் அதன் முன்னாலேயே நின்று பட்டினியில் ஒவ்வொன்றாகச் சரிந்தன. உங்கள் வீட்டில் ஒன்றுகூடச் சாகவில்லை. கிறிஸ்துமஸுக்கு வான்கோழி கேட்டு மாதா கோயில் ஆட்கள் உங்கள் வாசலில்தான் வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரரே மதிலில் கையூன்றிக்கொண்டு, வளர்த்தால் அக்கா மாதிரி வளர்க்க வேண்டும் என்றார். அன்று அவருக்கு ரசம் மட்டும்தான்.

எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு சேவல். தூறல் விழுந்தால் ஓடிப்போய்ச் சாக்கால் மூடுவேன். கண்ணோரம் அம்மைக் கொப்புளம் வந்தபோது மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டேன். அது வளர்ந்து இறக்கையை விரித்து நின்ற நாளில் ஆசையாகக் கூப்பிட்டேன். வாயே திறக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் நீங்கள் உங்கள் கோழிகளை "பா... ப்பா... பா" என்று இழுத்துக் கூப்பிட்டீர்கள். என் சேவல் கழுத்தை நீட்டி உங்களுக்குக் கடகடவென்று பதில் சொன்னது. தினமும் இதே கதை. தீவனம் என்னுடையது, பதில் உங்களுக்கு. வயிறு எரிந்தது, அக்கா. ஒரு தடவையாவது அது எனக்குக் குரல் கொடுக்காதா என்பதே என் ஏக்கமாகிப்போனது.

ஒருநாள் கேட்டேவிட்டேன், என்ன வசியம் வைத்தீர்கள் என்று. நீங்கள் சிரிக்கவில்லை.

"நீ எங்க கூப்புடுற, அதட்டுற. என் மேல இருக்கற கோவத்த அது மேல காட்டுனா, அது எப்படி வாயத் தொறக்கும்?"

என் பொறாமை உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு நாலு மாதம் நான் உங்களோடு பேசவில்லை.

மறு வருஷம் நெஞ்சு வலி என்று ஆட்டோவில் ஏறிப் போனீர்கள், திரும்பவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் உங்கள் வீட்டில் எல்லோரும் சுருண்டு கிடந்தார்கள். கோழிகள் பசியோடு தோட்டத்தில் நின்றன. நான் தீவனத்தோடு மதிலருகே போய்க் கூப்பிட்டேன். ஒன்றும் திரும்பவில்லை. பிறகு உங்களைப்போல மெல்ல இழுத்துப் பார்த்தேன். உங்கள் கூட்டம் ஓடிவந்தது. எனக்குப் பின்னால் என் சேவலும் கடகடவென்றது. மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது அப்போதும் உங்களுக்குத்தான் பதில் சொன்னது.

இப்போது 2012. இந்தக் குஞ்சுகள் உங்கள் குரலைக் கேட்டதே இல்லை. இந்தத் தடவையாவது என் சொந்தக் குரலில் பழக்கிவிடலாம் என்று குனிந்து கூப்பிட்டேன். வந்தது உங்கள் குரல்தான், அக்கா. நான் முன்பு எப்படிக் கூப்பிடுவேன் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது.