உன் நிழலை வெட்ட விடவில்லை

என் சேவியர் அண்ணாவுக்கு,

மண்ணுக்குள் போனவனுக்குக் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. பிள்ளை, பால், காய்ச்சல், துணி என்று இரண்டு வருஷம் தள்ளிப்போய் இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். நாளை உன் இரண்டாம் வருஷப் பூசை. அதற்குமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுவரில் இருந்த உன் படத்தை நான் கழற்றிவிட்டேன்.

எந்தப் படம் என்று உனக்குத் தெரியாது. நீ செத்த பிறகு எடுத்தது.

ராயபுரத்தில் நம் சனங்களின் வழக்கம்தான். சவப்பெட்டியைத் தலைமாட்டில் தூக்கிச் சாய்த்து, அம்மாவும் சொந்தங்களும் சுற்றி நிற்க, ஸ்டூடியோக்காரர் எடுத்தார். மூக்கில் பஞ்சு, தாடையில் கட்டு, காமாலை தின்ற முகம். நான் அதில் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி சவத்தின் பக்கம் நிற்கக்கூடாது என்று உள்ளே உட்காரவைத்துவிட்டார்கள்.

அந்த மாதிரிப் படம் எடுக்க யார் கூப்பிட்டாலும் நீ போனதில்லை. "செத்துப் பூட்டவன இன்னாத்துக்குமா புட்ச்சி நிக்க வெக்கிறீங்க?" என்று அம்மாவிடமே கேட்டவன் நீ. கடைசியில் உன்னையே பிடித்து நிற்கவைத்தார்கள்.

உன் முகம் உள்ள படம் அது ஒன்றுதான் என்பது யார் குற்றம், சொல்? ஆறு நாள் ஹார்பரில் மூட்டை எண்ணிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட்டதும் பெட்டிக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவாய். நான் உன் வால். மிருகங்கள் இருக்கும் உயிர்க்காலேஜில் புலி, மியூசியமான செத்த காலேஜில் திமிங்கில எலும்பு, கிண்டியில் மான், எண்ணூரில் கடல். எல்லாவற்றையும் எடுத்தாய். "இந்த ரெண்டு காலேஜிலயும் பரீட்சையே கெடயாது. நீ இன்னாத்துக்குமே அந்தக் காலேஜுக்குப் போயி பேஜாராவுற?" என்று என் பி.ஏ.வைக் கிண்டலடிப்பாய். ஆனால் ஒருமுறையாவது கேமராவை இன்னொருவர் கையில் கொடுத்தாயா? "குட்த்தா ஒடச்சிடுவ" என்று ஒரே பேச்சு.

உனக்கு ஒரு மருமகன் இருக்கிறான், அண்ணா. மைக்கேல். நீ போய் நாலாம் மாதம் பிறந்தான். அம்மா தினமும் அவனைத் தூக்கிப்போய், "மாமாவுக்கு முத்தி குடு ராஜா" என்று அந்தப் படத்தின் கண்ணாடியில் அவன் முகத்தை அழுத்துவாள். அவன் திமிறுவான், என் தோளில் வந்து புதைவான். பழகிவிடும் என்றார்கள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவன் அப்பா ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து கூடத்தில் படுத்திருந்தார். மல்லாந்த முகம், மூடிய கண். தத்தி நடந்துபோய்ப் பார்த்த பிள்ளை வீடே அதிர அலறினான். என்ன வார்த்தை சொல்லி அலறினான் தெரியுமா? "மாமா! மாமா!"

அவனுக்கு நீ என்றால் அதுதான். கண்ணை மூடிக் கிடக்கும் ஆண். என் அண்ணனா அது? மான் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று கிண்டியில் ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக் காவல்காரரிடம் திட்டு வாங்கியவனா? அன்றைக்கே படத்தைக் கழற்ற நாற்காலி போட்டு ஏறினேன். அம்மா ஓடிவந்தாள்.

"அத்த எறக்காதடி! எம் புள்ள மூஞ்சி அதுல மட்டுந்தான் கீது!"

"அது அவன் மூஞ்சி இல்லம்மா. சாவோட மூஞ்சி."

"படிச்ச திமிரு பேசுது. பூசைக்கு வர்ற சனம் சேவியர் எங்கன்னு கேட்டா, வெறும் சொவத்தக் காட்டுவியா?"

வெறும் சுவர் இல்லை. நீ வீணென்று ஒதுக்கிய படங்களை நான்தான் காலேஜ் புத்தகங்களில் அடையாளத்துக்கு வைத்திருந்தேனே, அவற்றை எடுத்தேன். வெயில் முதுகில் இருக்கவேண்டும் என்பது உன் சட்டம். நாம் எண்ணூர் போய்ச் சேருவதோ சாயங்காலம். எதிரே கடல், பின்னால் சூரியன். ஆகவே உன் நிழல் நீளமாக மணலில் விழும். உயிர்க்காலேஜில் நீ இல்லை, கிண்டியில் இல்லை. கடற்கரைப் படங்களில் மட்டும் விழுந்திருக்கிறாய். குனிந்த தலை, இரண்டு பக்கமும் புடைத்த முழங்கை, காற்றில் படபடக்கும் சட்டை. ஒன்றில் உன் தலை என் காலைத் தொடுகிறது.

அதைத்தான் பெரிதாக்கக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"கீழ கறுப்பா நெழலு உய்ந்துகீதேம்மா. அத்த வெட்டிட்டு உங்கள மட்டும் போடட்டா? ஷோக்கா இருக்கும்."

"நிழல்தான் வேணும். இடம் பத்தலேன்னா என்னை வெட்டுங்க."

"உங்களையா?"

"என்னைத்தான்."

முழங்காலோடு வெட்டிவிட்டார். இப்போது கூடத்தில் தொங்குவது என் இரண்டு கால்களும் முழுசாக நீயும். ஆணி அடித்தது உன் மாப்பிள்ளை. அம்மா என்னோடு பேசுவதில்லை. "நெழலுக்கு யாராச்சும் மாலை போடுவாங்களா?" என்று அவரிடம் கேட்கிறாள், எனக்குக் கேட்கும்படி. சவப்பெட்டிப் படத்தைத் தன் டிரங்குக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள். அதை நான் பிடுங்கமாட்டேன். அவள் பெற்ற முகம் அது. டிரங்கு அவளுடையது. சுவர் என் பிள்ளையுடையது.

மைக்கேல் என்ன செய்தான் என்று கேட்கிறாயா? தூக்கிக் காட்டினேன். அவன் ரஸ்க் பிடித்த கையால் உன் தலையில் பட்டென்று ஒரு அடி போட்டுவிட்டு, இறங்கி விளையாடப் போய்விட்டான். அழவில்லை.

நாளை சித்தப்பா கேட்பார், பெரியம்மா கேட்பாள், காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தெருவே கேட்கும். கேட்கட்டும். இதுதான் என் அண்ணன், நின்றுகொண்டிருக்கிறான், என்று சொல்வேன். சாமியாரே சொன்னாலும் அந்தப் பழைய படம் என் பிள்ளையின் கண் முன்னால் ஏறாது. உன் பேரைக் கேட்டு அவன் இனி ஒருநாளும் அலறமாட்டான். அதற்கு நான் பொறுப்பு, அண்ணா. இது சத்தியம்.

உன் தங்கச்சி,
மைக்கேலின் அம்மா,
ரோஸி