ஜரிகை எங்கே

3 பிப்ரவரி 2025, திங்கள்

பட்டு எப்படி எரியும்? எனக்குத் தெரியவில்லை. அசல்தானா என்று ஒற்றை இழையைக் கொளுத்திப் பார்ப்பார்கள்; முழுப் புடவை எரிந்து நான் பார்த்ததில்லை. பதினெட்டு வருடமாகச் சினிமாவுக்காகக் கணினியில் தீ மூட்டிப் பிழைக்கிறேன். வைக்கோல், டீசல், அரண்மனைத் திரைச்சீலை எல்லாம் எரித்தாயிற்று. பட்டு மட்டும் வந்ததில்லை. வந்திருந்தால் தட்டிக் கழித்திருப்பேன். இப்போது முடியாது. இருபது பேர் இருந்த குழுவில் நான்கு பேர்தான் மிச்சம்.

ஷாட் பன்னிரண்டு நொடி. குத்துவிளக்கிலிருந்து ஒரு பெண்ணின் பட்டுப் புடவையில் தீப் பிடிக்கிறது. அவள் சாகிறாள்.

2003-ல் என் அக்கா துளசிக்கு நடந்ததாக அவள் கணவர் பரசுராமன் சொன்னதும் இதுதான். வெள்ளிக்கிழமை, கல்யாணப் பட்டு, விளக்கு.

4 பிப்ரவரி, செவ்வாய்

முதல் வடிவத்தை அனுப்பினேன். தீ தலைக்கு மேல் எழுகிறது. சூப்பர்வைசர் சந்தோஷ்குமார் சென்னையிலிருந்து கூப்பிட்டார். "செம மேடம். ஆனா காட்டன் எரியற மாதிரி இருக்குது. காஞ்சிபுரத்துல இல்லாத பட்டா? ஒண்ண கொளுத்திப் பாத்துடுங்க." சிரித்தார். அவருக்கு அக்காவைத் தெரியாது.

பக்கத்து அறையில் அம்மா டிவி பார்க்கிறாள். அக்கா போனதிலிருந்து நாங்கள் தேவைக்கு மேல் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியில் அக்காவின் எரிந்த துணிகளை ஒரு பையில் கொடுத்தார்கள். அம்மா அதைக் கிளறினாள். "ஜரிகை எங்க?" என்றாள். மூன்று தடவை. "பொணத்துகிட்ட வெள்ளி கேக்கறியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று பெரியப்பா கத்தினார். நான் அம்மா பக்கத்திலிருந்து எழுந்து வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பரசுராமன் வருகிறாராம். அக்கா மகள் ஜீவிதாவின் கல்யாணப் பத்திரிகையோடு. அக்கா போனபோது ஜீவிதாவுக்கு மூன்று வயது.

6 பிப்ரவரி, வியாழன்

பெரிய காஞ்சிபுரம் போனேன். பழைய பட்டுப் புடவைகளை வாங்கி, எரித்து, வெள்ளி எடுக்கிற சிட்டிபாபுவின் கொல்லை. இரும்புச் சட்டியில் ஒரு அரக்குப் புடவை. பற்றவைத்தார். சுருண்டது, முடி கருகும் நாற்றம், அணைந்துவிட்டது. திரும்பப் பற்றவைத்தார். திரும்ப அணைந்தது.

"பட்டு லேசுல எரியாது மேடம். நெருப்ப எடுத்தா நின்னுடும். பாதி நாள் இத்த ஊதிக்கினே போவுது."

கரியை உதறினார். பார்டர் மட்டும் வலைபோல முழுதாக நின்றது. மயில், சக்கரம், ஒன்றும் கலையவில்லை.

"ஜரிகை எங்க போவும்? அது இங்கதான் இருக்கும்."

ஸ்கூட்டரைக் கிளப்ப முடியவில்லை. சாவியைப் பிடித்தபடி நின்றேன். அம்மா வெள்ளி கேட்கவில்லை. ஐயோ, அவ வெள்ளியா கேட்டா? அந்தப் புடவை அக்கா உடம்பிலேயே இல்லை என்றல்லவா சொன்னாள்!

நிதானம். ஒரு சட்டி சோதனை நிரூபணம் ஆகாது. உள்பாவாடை நூல்தான், அது பிடித்திருக்கலாம். சரி. பிடிக்கட்டும். பையில் ஜரிகை ஏன் இல்லை? — இதற்கு மட்டும் மாற்று விளக்கம் கிடைக்கவில்லை. தேடிவிட்டேன்.

7 பிப்ரவரி, வெள்ளி

கண்ணால் பார்த்தபடியே செய்து அனுப்பினேன். சந்தோஷ்குமார்: "சூப்பர் மேடம், உண்மையா இருக்குது. ஆனா டைரக்டர் இன்னா கேக்கறாருன்னா, இப்படி அணைஞ்சுட்டா அந்தப் பொண்ணு பொழைச்சிப்பாளே, அப்புறம் கதையே இல்லியே."



8 பிப்ரவரி, சனி

கேட்டுவிட்டேன். அம்மா அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நாப்பது வருசம் தறியில குந்தினவ. பட்டு எப்படி எரியும்னு எனக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீதான் எழுந்து போய்ட்டியே."

இன்னொரு காயை எடுத்து நாரை உரித்தாள். பிறகு சொன்னாள்: "கேசு கீசுன்னு போனா கொழந்தய கண்ணுல காட்டமாட்டோம்னு மாப்ள வூட்ல சொன்னாங்க. வாய மூடிக்கினேன்."

இருபத்திரண்டு வருடம். இப்போது போய் யாரிடம் என்ன சொல்வது? ஒரு காகிதம் இல்லை. ஒரு சாட்சி இல்லை. ஜீவிதாவுக்கு அவர் அப்பா. நாளைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டேன்.

"பால் வாங்கி வை. காபி போடணும் இல்ல?"

9 பிப்ரவரி, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்குத் தனியாக வந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை, மேலே ஒரு பச்சைப் பட்டு. "உங்களுக்குன்னு எடுத்தேன் அத்தே. சுத்தமான பட்டு."

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டாள். முந்தியின் குஞ்சத்திலிருந்து ஒரு இழையை உருவி, தீப்பெட்டி கொண்டுவரச் சொன்னாள். இந்த ஊரில் எல்லாரும் செய்கிற காரியம். அவர்கூடச் சிரித்தார். "மாப்ள மேல நம்பிக்கையே இல்ல பாரு."

இழை சுருண்டு அணைந்தது.

"நல்ல பட்டுதான் மாப்ள. அணைஞ்சிடுச்சி பாருங்க."

இன்னொரு இழை உருவினாள். அதுவும் அணைந்தது. மூன்றாவதை உருவும்போது அவர் சிரிக்கவில்லை.

"ஜரிகை எங்க மாப்ள?" என்றாள் அம்மா. அதே குரல்.

நான் எழுந்து போகவில்லை. கட்டிலில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எந்த ஜரிகை என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று காத்திருந்தேன்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே தெருவில் இறங்கிப் போனார். காபியில் ஆடை படிந்துவிட்டது. புடவையை அம்மா தொடவில்லை. பத்திரிகையை மட்டும் எடுத்து, ஜீவிதாவின் பெயர் இருந்த இடத்தை, விரலில் இருந்த கரி படாமல் புறங்கையால் தடவினாள்.

மாலையில் சந்தோஷ்குமாரின் மெயில். செவ்வாய்க்கிழமை அனுப்பிய தீயையே எடுத்துக்கொண்டார்களாம், தலைக்கு மேல் எழுவதை. கீழே ஒரு திருத்தம்: கடைசி நொடியில் ஜரிகை தெரிய வேண்டாம், எடுத்துவிடவும்.