யார் வைத்த செடி

இதுவரை என் வீட்டுக்காரராக இருந்தவருக்கு,

ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறேன். தை மாதம் உங்களுக்கு மறுபடி கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். வாசல் அலங்காரத்துக்குப் பூ வாங்க வேண்டாம்.

சித்திரையில் நான் தொட்டியில் போட்ட காலெண்டுலா பூச்செடி விதை முளைக்கவில்லை என்றதும் உங்கள் அம்மா, "ஏட்டி, ஒன் கையில எதுதான் மொளச்சிருக்கு?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கேட்டார். நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். டாக்டர் உங்களையும் பரிசோதனைக்கு வரச் சொன்னபோதும் அப்படித்தான் இருந்தீர்கள்.

அந்த விதைக்கு வெயில் ஆகாது, அவ்வளவுதான். ஐப்பசி மழையில் நீங்கள் என்னைப் பெட்டியோடு அனுப்பிய அன்று, மிச்சமிருந்த விதை அத்தனையையும் ராஜபாளையம் வீட்டு வாசலிலிருந்து கிணற்றடி வரை தூவி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். இந்நேரம் மொட்டு விட்டிருக்கும். தைக்கு வீட்டைச் சுற்றி ஆரஞ்சு நிறமாக இருக்கும். பறிக்கப் பறிக்கப் பூக்கும். பறிக்காமல் விட்டால் விதை உதிர்ந்து அடுத்த மழைக்குத் தானாக வரும்.

புதுப்பெண் கட்டாயம் கேட்பாள், இதெல்லாம் யார் வைத்த செடி என்று. பதிலை உங்கள் அம்மா காதில் விழும்படி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கையில் எதுவும் முளைக்காதவள்