கை நனைக்காமல் வந்தவள்

பொம்மிடி,
9.5.2025

அன்புள்ள சம்பந்தியம்மா ராணியம்மாளுக்கு, நிர்மலாவோட வணக்கமுங்க.

போன் பண்ணிப் பண்ணி என் விரல் தேஞ்சுபோச்சு. நீங்க எடுக்கற மாதிரி தெரியலை. அதான் கடுதாசி. பிளவுசுக்கு அளவு குறிச்ச கை, கோழி கிளறின மாதிரிதான் எழுதும், பொறுத்துக்குங்க.

புதன்கிழமை உங்க வூட்டுல கல்யாணப் பேச்செல்லாம் நல்லபடியா முடிஞ்சு, இலை போட்டு, எல்லாரும் கை நனைக்க உக்காந்தப்ப நான் மட்டும் எந்திரிச்சுட்டேன். பொண்ணோட ஆத்தா கை நனைக்காம வந்தா சம்பந்தம் வேண்டாம்னு அர்த்தம்னு உங்க தெருவே பேசுதாம். உங்க பக்கத்து வூட்டுக் காவேரி எனக்கு ஒண்ணு விட்ட தங்கச்சி முறை. ஒரு வார்த்தை விடாம ஒப்பிச்சா, கூட அவ சரக்கும் கொஞ்சம் சேர்த்திருப்பா.

சத்தியமா அப்படி இல்லீங்க. அன்னிக்கு எனக்குக் கிருத்திகை விரதம். எங்க வூட்டுக்காரர் என் பங்கு வடையையும் சேர்த்துத் தின்னதை நீங்களே பாத்தீங்க. என் மக பிரியங்கா முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறா. ஒரு தடவை போனை எடுங்க.

அன்புடன்,
நிர்மலா


தொப்பூர்,
13.5.2025

நிர்மலா அவங்களுக்கு,

சம்பந்தினு எழுதற இடத்துக்கு நாம இன்னும் வரலை.

கிருத்திகை தவறாம விரதம் இருக்கறவ நான். அன்னிக்குக் கிருத்திகை இல்லை. விரதக்காரி எதுக்கு என் மோரை வாங்கி, மோந்து பாத்துட்டுக் கீழ வெச்சீங்க?

எங்க வூட்டுக்காரருக்கு அண்ணன், மூத்தார் மல்லையன், அத்தனை பேர் முன்னால, "நம்ம வூட்டுத் தண்ணி அவங்களுக்கு ஆகலை"ன்னார். என் மகன் கோகுல்ராஜ் பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டான். 25ஆம் தேதி ஞாயித்துக்கிழமை மூத்தார் அவனுக்கு வேற இடம் பாக்கக் கிளம்பறார்.

நிசத்தை எழுதறதுன்னா எழுதுங்க. இல்லைனா தபால் செலவாவது மிச்சமாகட்டும்.

ராணியம்மாள்


பொம்மிடி,
15.5.2025

ராணியம்மாளுக்கு,

பொய் சொல்றவ பஞ்சாங்கமாவது பாத்திருக்கணும். எனக்கு அந்தத் துப்பும் இல்லை.

நிசம் இதுதான். எனக்குப் பெருங்குடல்ல புண்ணு. வயிறு முறுக்கி ரத்தமாப் போகும். ஒரு நாளைக்கு எத்தனை தடவைனு எழுதினா இந்தக் காயிதத்தை நீங்க இடுக்கி வெச்சுத்தான் தூக்குவீங்க. தையல் மெஷினைக் கக்கூசுக்குப் பக்கத்துல நகத்திப் போட்டவ இந்த ஊர்லயே நான் ஒருத்திதான்.

தருமபுரியில குழாய் விட்டுப் பாத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார். கூடவே ஒரு ஆயுர்வேத டாக்டரம்மாகிட்டயும் போறேன். "அவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தினீங்கன்னா என் வாசப்படி ஏறாதீங்க"ன்னு முதல் நாளே சொல்லிடுச்சு. மிளகாய், புளி, எண்ணெய்ப் பலகாரம், பரோட்டா, காப்பி எல்லாத்துக்கும் தடை. காலையில சாமைக் கஞ்சி. மத்தியானம் குழைஞ்ச சோறு, பூசணிக்காய், துளி நெய். புளிக்காத மோர். வில்வக்காய்க் கசாயம். பொழுதோட சாப்பிட்டு ஒன்பது மணிக்குப் படுக்கணும். கோவமே படக் கூடாதாம். "வூட்டுக்காரர்னு ஒருத்தர் இருக்காரே, எப்படீம்மா?"ன்னு கேட்டேன். "அவரைப் பாதியாக் குறைச்சுக்குங்க"ன்னுச்சு.

ரெண்டு வைத்தியமும் சேர்ந்து இப்பத்தான் ரத்தம் நின்னிருக்கு. உங்க வூட்டுக் காரக்குழம்பு ஒரு வாய் உள்ள போயிருந்தா, அத்தனை சனத்துக்கு நடுவுல நான் புடவையோட நாறியிருப்பேன். உங்க மோரும் கொஞ்சம் புளிப்புத்தாங்க.

ஏன் மறைச்சேன்னா, ஆத்தாளுக்கு இருந்தா மகளுக்கும் இருக்கும்பாங்க. அந்தப் பயந்தான். வேற ஒண்ணும் இல்லை.

நிர்மலா


தொப்பூர்,
18.5.2025

நிர்மலா அவங்களுக்கு,

பிரியங்காவுக்கும் வருமா? ஒரே வரியில எழுதுங்க.

ராணியம்மாள்


பொம்மிடி,
20.5.2025

ராணியம்மாளுக்கு,

டாக்டரையே போய்க் கேட்டேன். மத்தவங்களை விடக் கொஞ்சம் கூடுதலா வாய்ப்பு உண்டு, ஆனா பெரும்பாலும் வர்றதில்லைன்னார். வரவே வராதுன்னு எழுதித் தர முடியாதுன்னார். நானும் தர மாட்டேன். உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிப் பட்டதே போதும்.

ஒரு வரி கேட்டீங்க, நீண்டுபோச்சு. இன்னும் ஒண்ணு. என் மகளை நோய் மூட்டையாப் பாக்கற வூட்டுக்கு நான் கட்டிக்கொடுக்க மாட்டேன். அதுக்கு அவ காலத்துக்கும் என் பக்கத்துல உக்காந்து கொக்கி தைக்கட்டும். உங்க மூத்தார் எங்க வேணும்னாலும் கிளம்பட்டும். இனி எழுத மாட்டேன்.

கோவப்பட்டுட்டேன். இன்னிக்குப் பத்தியம் கெட்டுது.

நிர்மலா


தொப்பூர்,
24.5.2025

நிர்மலாவுக்கு,

இதைக் கோகுல்ராஜ் கையிலயே கொடுத்தனுப்பறேன். தபால் வர்ற வரைக்கும் தாங்காது.

உங்க கடுதாசியை அவன்கிட்டக் காட்டினேன். அவனுக்கு முன்னமே தெரியுமாம். பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாலயே பிரியங்கா சொல்லிட்டாளாம். "ஏன்டா என்கிட்டச் சொல்லலை?"ன்னேன். "வருமா வராதானு கேப்பே. எனக்கு வராதுன்னு நீ எழுதித் தருவியா?"ன்னான். அவன் மேல கோவம் இன்னும் இருக்கு. உங்க மேலயும் இருக்கு. என் மோர் புளிப்புன்னு எழுதின முதல் ஆள் நீங்கதான்.

மூத்தார்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "ஊருக்கு என்னம்மா சொல்லுவே?"ன்னார். "நான் எதுக்குங்க மாமா சொல்லணும்? அவங்க சாப்பிடாததைப் பாத்த ஊரு, சாப்பிடறதையும் பாக்கட்டும்"னேன். அவர் இன்னும் உம்முன்னுதான் இருக்கார். நாளைக்கு எங்கயும் கிளம்பலை, அவ்வளவுதான்.

நாளைக்கு மத்தியானம் வாங்க. கஞ்சி வெச்சா இலையில ஓடும். அதனால சோத்தைக் குழைய வடிச்சு, மிளகாய் போடாமப் பூசணிக்காய் வெக்கறேன். நம்பிக்கை இல்லைனா உங்க வூட்டுலயே ஆக்கித் தூக்குப்போசியில கொண்டாங்க. ஆனா எங்க தண்ணியில கை கழுவி, எங்க கூடத்துல உக்காந்துதான் சாப்பிடணும். வாசக் கதவைத் திறந்தே வெப்பேன்.

பின்பக்கக் கக்கூசுக்கு இன்னிக்கு உள்பக்கம் புதுசாத் தாழ்ப்பாள் அடிச்சாச்சு. எப்ப எந்திரிச்சுப் போனாலும் ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நான் சொல்லி வெச்சிருக்கேன்.

ராணி