மாப்பிள்ளை மரத்தின் மரண அறிவித்தல்

த்ரீ கிங்ஸ்,
ஒக்லாந்து, நியூசிலாந்து.
07.09.1997

அன்புள்ள அக்காவுக்கு,

மரண அறிவித்தல்.

த்ரீ கிங்ஸ் கடைத்தெருவைப் பிறப்பிடமாகவும், எங்கள் வீட்டு முன்வளவை வசிப்பிடமாகவும் கொண்ட திருவாளர் சிவப்புக் கடதாசி இலை அவர்கள் நேற்று முன்தினம் பெய்த மழையில் காலமானார். அன்னார், காலஞ்சென்ற பதினேழு கடதாசி இலைகளின் பாசமிகு சகோதரரும், சுலக்ஷனின் அன்புக் கைவேலையும் ஆவார். பூதவுடல் குப்பைப் பையில் அஞ்சலிக்காக வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், அயல்வீட்டுப் பூனைகள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

பயப்பட வேண்டாம் அக்கா, மனிசர் எல்லாரும் சுகம். போன கடிதத்தில் "மரம் எப்படி இருக்குது?" என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். தம்பி எப்படி இருக்கிறான் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். சரி, மரத்தைப் பற்றியே எழுதுகிறேன். கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜில் தனியே இருந்து வாசித்துச் சிரிக்க உங்களுக்கும் ஏதாவது வேண்டும்தானே.

முதலில் ஒரு உண்மை. அது மரமே இல்லை. என் இடுப்பளவுதான் வரும். யப்பான் மேப்பிளாம். காய்க்காது. பூத்தால் பூதக்கண்ணாடி வேண்டும். கறிக்கு ஆகாது, ஆட்டுக்குக் குழை வெட்டலாமென்றால் ஆடும் இல்லை. இந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கு முன்னால் இது நின்றால் வீட்டுக்காரர் பெரிய ஆள் என்று கருத்து. அதை அப்பா கண்டுவிட்டார். வீட்டுக்குள்ளே இருக்கிற கதிரை, மேசை எல்லாம் ஆரோ தந்த பழசு, வாசலில் மட்டும் யப்பான்! நான் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. மேப்பிளுக்கும் மாப்பிள்ளைக்கும் பெயரிலும் பெரிய வித்தியாசமில்லை, குணத்திலும் இல்லை. ஒரு வேலையும் செய்யாது, வெயில் ஒத்துக்கொள்ளாது, காற்று ஒத்துக்கொள்ளாது, ஆனால் வீடே சுற்றி நின்று உபசரிக்க வேண்டும்.

உங்களுடைய விசா விண்ணப்பத்தைத் தபாலில் போட்டது தைப்பொங்கலன்று. அதைப் போட்டுவிட்டு ஹென்டர்சனில் தவராசா மாமா வீட்டுக்குப் போனோம். திரும்பி வரும்போது ஒரு பூங்கன்றுக் கடையில் அப்பா காரை நிறுத்தினார். அம்மா ஒரு இலையைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தை விட்டு அசையவில்லை. "இஞ்ச பாருங்கோப்பா, பிரணவி மருதோண்டி போட்டிட்டு விரிச்சுக் காட்டுற கை மாதிரி" என்றா. இருபத்தைந்து வயதானால் பிள்ளை பிள்ளையில்லை என்று இமிகிரேஷன்காரர் உங்களை விட்டுவிட்டு எங்கள் மூன்று பேருக்கும் விசா தந்த நாளிலிருந்து, அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் நீங்கள்தான். ஒருநாள் கரட்டைப் பார்த்தும் அழுதா. அன்று பின்னேரமே கன்றை நட்டாயிற்று. நட்டு முடிய அம்மா, "இது தழைச்சு நிண்டால் பிள்ளை வந்திடுவாள்" என்றா. அவ்வளவுதான். ஒரு குச்சிக்கு இமிகிரேஷன் அதிகாரி உத்தியோகம் கிடைத்துவிட்டது.

அப்பாவின் கூத்தைக் கேளுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்த மனுசன் இப்போது ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் வாளி செய்கிறார். ஆனால் குளமும் வாய்க்காலும் அவரை விட்டுப் போகவில்லை. மாப்பிள்ளைக்கு வட்டப் பாத்தி, பாத்திக்கு வரம்பு, வரம்புக்கு வாய்க்கால், வாய்க்காலுக்குப் பலகையில் ஒரு மதகு. சிரிக்க வேண்டாம், மதகு திறந்து மூடுகிறது. காலையும் மாலையும் நீர்ப்பாசனம். நட்ட இடமோ மேற்கு வெயில் முழுசாகக் கொட்டுகிற மூலை. மாசியில் இலைகளின் ஓரம் பொரித்த அப்பளம் மாதிரிச் சுருண்டு கருகியது. "தண்ணி காணாது" என்று அப்பா இன்னும் இரண்டு வாளி ஊற்றினார். மேலே கருகல், கீழே சேறு. இதைப் பார்த்த பிறகும் ஒரு மனுசனுக்குச் சந்தேகம் வரவில்லையென்றால், இவர் இத்தனை வருடம் எப்படிக் குளங்களைக் காத்தார் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அடுத்தது தவராசா மாமா. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவர். ஆனால் மரம், மருந்து, மோட்டார் எல்லாவற்றுக்கும் கடைசித் தீர்ப்பு அவருடையது. வந்து, இடுப்பில் கை வைத்து, மரத்தை ஒரு நோயாளி மாதிரிப் பார்த்து, "மீன் கழுவின தண்ணி ஊத்துங்கோ தங்கச்சி, குபீரெண்டு துளிர்க்கும்" என்றார். அம்மா ஊற்றினா. பூனைகள் துளிர்த்தன. த்ரீ கிங்ஸில் இத்தனை பூனை குடியிருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஒன்று எங்கள் வாசல்படிக்குக் கீழே குட்டியும் போட்டது. மாமா அதைப் பார்த்து, "பாத்தியளே, ராசியான மரம்" என்றார்.

மே மாதம் இலைகள் எல்லாம் செக்கச்செவேலென்று சிவந்தன. அம்மா உங்களுக்கு ரெலிபோன் எடுத்து, "சிவந்திட்டுது பிள்ளை, இனி நீ வந்திடுவாய்" என்று அழுதது நினைவிருக்கும். பிறகு அவை ஒன்றொன்றாகக் கொட்டத் தொடங்கின. யூன் முடிவில் மாப்பிள்ளை வெறும் விளக்குமாறு. இங்கே குளிர் தொடங்குவதே யூனில்தான்; இந்த நாட்டில் நாங்கள் காண்கிற முதல் குளிர்காலம் இது. அப்பா மதகடியில் குந்தியிருந்து, "பட்டுப்போச்சு" என்றார். குசினி யன்னலால் பார்த்தால் அந்த மூலைதான் தெரியும். அம்மா யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டா. சமைப்பா, எங்களுக்குப் போட்டுத் தருவா, தான் இரண்டு வாயோடு எழும்பிவிடுவா. "பசிக்கேல்லையடா" என்பா. தபால்காரன் வருகிற நேரம் மட்டும் வெளியே போவா. வெறுங்கையோடு திரும்பி வருவா. இதெல்லாம் உங்களுக்கு ரெலிபோனில் சொல்லியிருக்க மாட்டா.

இப்போது உங்கள் தம்பியின் திறமையைக் கவனியுங்கள். சிவப்புக் கிறேப் கடதாசி வாங்கினேன். முன்னம் விழுந்த இலை ஒன்று என்னுடைய விஞ்ஞானப் புத்தகத்துக்குள் கிடந்தது (எப்படி வந்தது என்று கேட்க வேண்டாம்). அதை அளவாக வைத்துப் பதினெட்டு இலை வெட்டினேன். போன மாதக் கடைசியில் ஒருநாள், அப்பா வேலைக்குப் போன கையோடு எல்லாவற்றையும் நூலால் கட்டினேன். பிறகு குசினி யன்னல் சீலையை இழுத்துத் திறந்து, "அம்மா, ஓடி வாங்கோ, மாப்பிள்ளை முழிச்சிட்டார்!" என்று கத்தினேன். அம்மா வந்தா. கையைத் துடைத்துக்கொண்டு யன்னலால் எட்டிப் பார்த்தா. "ஓமடா" என்றா. அன்று இரவு சோறு இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டா அக்கா! சீலையும் திறந்தபடியே கிடந்தது. பதினொரு நாள்! கண்ணாடி போட்ட ஒரு மனுசிக்கு, பத்தடி தூரத்தில் நிற்கிறது இலையா கடதாசியா என்று தெரியவில்லை. சனி ஞாயிறும் வேலையென்று இருட்டோடு போய் இருட்டோடு வருகிற அப்பாவுக்கு மரம் நிற்கிறதா என்பதே தெரியாது. இந்தக் குடும்பத்தின் மூளை முழுக்க என்னிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது என்று அத்தனை நாளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிய மழை. சாயம் கரைந்து வாசல் சீமெந்து முழுக்க இரத்தக்களரி. அம்மா காணமுதல் பொறுக்கிவிட வேண்டுமென்று ஓடினேன். அங்கேதான் ஒன்று கண்டேன். நான் கட்டியது வெள்ளை நூலில், சப்பாத்துக் கட்டுகிற முடிச்சு. மரத்தில் மிச்சமாகத் தொங்கிய இலைகளில் பாதிக்கு மேல் சிவப்பு நூலில் இருந்தன. முடிச்சு, அம்மா பூமாலை கட்டுகிற முடிச்சு. காற்றுக்கு விழுந்ததையெல்லாம் எடுத்து எடுத்துத் திருப்பிக் கட்டியிருக்கிறா.

உள்ளே போய்க் கேட்டேன். அம்மா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "முதல் நாளே தெரியுமடா. ரெண்டு கையும் சிவப்புச் சாயத்தோட நிண்டல்லோ கூப்பிட்டனீ" என்றா. பிறகேன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்தால வந்து, பையைக் கழட்ட முதல் அந்த மரத்தைத்தானே பாக்கிறனீ. நீ எனக்குக் காட்டிப்போட்டு என்ர முகத்தையல்லோ பாத்துக்கொண்டு நிண்டனீ. பிள்ளையாவது நம்பிக்கொண்டு இருக்கட்டும் எண்டு விட்டனான்" என்றா. நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பிப் போய் மிச்சத்தைக் கழற்றும்போது கிளை நுனிகளில் கடுகளவு சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கடதாசித் துண்டு என்று நினைத்து இழுத்தேன். வரவில்லை. மற்ற நுனியிலும் இருந்தது. எல்லா நுனியிலும் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். இந்தமுறை அவ நம்பவில்லை, தானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினா.

இனி எழுதுவது உங்களுக்கு மட்டும். வாசித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

கன்றோடு கடைக்காரர் ஒரு அட்டை தந்தவர். அது இவ்வளவு காலமும் என்னுடைய விஞ்ஞானப் புத்தகத்தில் பக்க அடையாளமாக இருந்தது. வெள்ளிக்கிழமைதான் முதன்முதலாக வாசித்தேன். காலை வெயில் போதுமாம். பின்னேர வெயிலும் காற்றும் படாத இடத்தில் நட வேண்டுமாம். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாதாம். குளிர்காலத்தில் இலை முழுக்கக் கொட்டும், வசந்தத்தில் திரும்பி வரும், பயப்பட வேண்டாமாம்.

நட்ட அன்று அப்பாவின் கையெல்லாம் சேறு. "நீதானே இங்கிலீசில புலி, வாசிச்சுச் சொல்லடா" என்று அட்டையை என்னிடம்தான் தந்தார். ரீவியில் கிரிக்கெட் தொடங்குகிற நேரம். நான் ஒரு வரியும் வாசிக்கவில்லை. "நல்ல வெயில் வேணுமாம், ரெண்டு நேரமும் தண்ணி வேணுமாம்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். அந்த மூலையும் மதகும் கருகிய இலையும் அப்பாவின் மடைத்தனமில்லை அக்கா. அவர் நான் சொன்னதைத்தான் செய்தார். அம்மா இரண்டு மாதம் சாப்பிடாமல் எழும்பியதும் அந்த ஒரு அட்டையால்தான்.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. மழையைச் சாட்டி மதகை மட்டும் மூடிவைத்திருக்கிறேன். மரத்தைக் கிழக்குப் பக்கம் மாற்றி நட வேண்டும். அது அடுத்த முறை இலை கொட்டிய பிறகுதான் செய்யலாம். அப்போது அவரிடம் எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் அவர் கை ஓங்க மாட்டார். அதற்காகவாவது அடுத்த குளிருக்கு முன் வந்துவிடுங்கோ.

இப்படிக்கு,
சாயம் இன்னும் போகாத கையோடு,
உங்கள் தம்பி
சுலக்ஷன்

பி.கு.: உங்கள் விசாக் கடிதம் வந்தால் வாசித்துச் சொல்லுகிற வேலையையும் அப்பா என்னிடம்தான் தந்திருக்கிறார். முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை வாசிப்பேன். கிரிக்கெட் நடந்தாலும். சத்தியமாக.