லாண்டரிக்காரருக்கு விற்கப் பார்த்த வெந்நீர்

அன்பு மகளுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவுக்கும் உடம்பு சுகம்தான், மற்றபடி அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த மலைக்காற்றில் காதை மூடிக்கொள்கிறாயா என்று கேட்கலாமென்றால் ஃபோனை எடுத்தால்தானே. பூமிச் சூட்டில் கரண்ட் எடுக்க நீங்கள் தோண்டிய முதல் கிணறு ஆறிக் கிடக்கிறது, பேங்க்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், இரண்டாவதைத் தோண்டும் தெம்பு இல்லை, வேலையை விடப்போகிறேன் என்று ஒரு வரி அனுப்பிவிட்டு நீ பாட்டுக்கு இருந்துவிட்டாய். எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

உன் அப்பாவோ மண்வெட்டியை எடுத்தார். பின்பக்கம் எலுமிச்சைக் கன்று நடக் குழி வெட்டினாரா, அடியிலிருந்து வெந்நீர் ஊறியது. அவ்வளவுதான், மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை உள்ளே விட்டார், அது அதோடு செத்தது, பாத்தியா, அளக்க முடியாத சூடு என்று என்னிடமே பெருமை. மீட்டர் பார்க்க வந்தவரிடம், இனிமே உங்க ஆபீஸ்தான் எங்ககிட்ட கரண்ட் வாங்கணும் என்றாராம், அவர் மீட்டரைக்கூடப் பார்க்காமல் போயிருக்கிறார். சூடு மட்டும் பத்தாதுப்பா, தண்ணி குறையாம வரணும், வாங்க ஆள் வேணும், அப்பத்தான் பேங்க் நம்பும் என்று நீ எப்போதோ சொன்னாயே, அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கரண்ட் அப்புறம், முதலில் வெந்நீர் வியாபாரம் என்று ஆளும் பிடித்துவிட்டார், யாரை என்கிறாய், பக்கத்து லாண்டரிக்காரரை. அவரும் பாவம், பாய்லர் என்ன எரிந்தாலும் வெந்நீர் வந்து சேரவில்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தவர். இரண்டு பேரும் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக் குழிக்குள் நின்று விலை பேசினார்கள். எதிர்க்கடை முடிவெட்டுகிறவர் எட்டிப் பார்த்து, என்னங்க நுரை வருது, வாசனையா வேற இருக்கு என்றார். அதெல்லாம் பூமிக்குள்ள இருக்கிற தாது, உனக்கென்ன தெரியும் என்று அப்பா அவரை விரட்டிவிட்டார். பொய் சொல்வானேன், நானும் அதில் பாத்திரம் கழுவினேன், பளிச்சென்றுதான் இருந்தது.

பிறகு லாண்டரிக்காரர் மச்சான் கல்யாணத்துக்காகக் கடையை மூடினார், நம் குழி ஜில்லென்று ஆனது. பூமி ஓய்வெடுக்குது என்றார் அப்பா. லாண்டரிக்காரர் திரும்பி வந்து கடையைத் திறந்தார், குழியும் சூடானது. எனக்குப் பொறி தட்டி, பிளம்பரைக் கூப்பிட்டேன். தோண்டினால் லாண்டரியின் பாய்லரிலிருந்து சோப்பு கலந்த வெந்நீர் போகும் குழாய் நம் சுவரோரம் உடைந்து கிடக்கிறது. அவர் தண்ணீரை அவருக்கே விற்க இத்தனை நாள் பேரம்! தெருவே சிரித்தது, முடிவெட்டுகிறவர் பாதி மழித்த ஆளோடு ஓடி வந்தார். அப்பா உள்ளே போய்ப் படுத்துவிட்டார். ராத்திரி சாப்பிடவும் எழுந்து வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் பின்பக்கம் மண்வெட்டிச் சத்தம். இன்னுமா விடல என்று முடிவெட்டுகிறவர் சுவர்மேல் எட்டிப் பார்த்துக் கேட்கிறார். அதற்கு இவர், அது லாண்டரிக்காரர் குழிய்யா, இதுதான் என்னோடது, என் பொண்ணு ரெண்டாவது கிணறு தோண்டப்போறா, நான் ஒண்ணோட நிறுத்துவேனா என்கிறார். நீ வேலையை விடுவதாக எழுதியதை இந்த மனுஷன் நம்பவே இல்லையடி. அடுப்படியில் நின்று சிரித்தேன், அப்படியே அழுதும்விட்டேன்.

அதனால் கண்ணு, அந்த இரண்டாவதையும் தோண்டிப் பார்த்துவிடு. சூடு வந்தால் சொல்லு, வராவிட்டாலும் சொல்லு. நம் வீட்டில் ஏற்கெனவே ஒருத்தர் குழிக்குள் நிற்கிறார், உனக்கும் பக்கத்தில் இடம் இருக்கிறது.

எடுத்த காரியம் கைகூடி, உடம்பும் மனசும் திடமாக நீ நன்றாக இருக்க வேண்டும். காதை மூடிக்கொள். ஊருக்கு வரும்போது ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வா, அப்பா கண்ணில் காட்டாதே.

ஃபோனை எடுப்பாய் என்று பார்த்திருக்கும்,
உன் அம்மா